லைன்லயே இருங்க

சரியாக நான்கு இருபதுக்கு என் மகள் கூப்பிட்டாள். மாட்டுங்காவில் கல்லூரி, காலையிலிருந்து விடாத மழை. "அம்மா, சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவுல ட்ரெயின் நின்னுடுச்சு. எல்லாரும் இறங்கி லைன்ல நடக்கறாங்க. நானும் இறங்கறேன். டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே." பின்னால் பெண்கள் கத்தும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். போன் அணைந்திருப்பதாக ஒரு குரல் மராத்தியில் சொல்லிக்கொண்டே இருந்தது. கணவர் புனேயில்.

செம்பூர் வீட்டுச் சன்னலோரம் நின்றபோது, ஃபோர்ட்டில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர் மேடம் நினைவுக்கு வந்தார். லைன் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் எத்தனை பொருளோ தெரியாது; இந்த ஊரில் அதை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ரயில் ஓடுவது லைனில், ரேஷனுக்கு நிற்பது லைனில், குழாயில் காற்று மட்டும் வந்தால் லைனில் தண்ணீர் இல்லை. வரன் பார்க்கும்போது பையன் எந்த லைன் என்பார்கள். தோல் என்றோ துணி என்றோ பதில் வரும். தன் ஸ்விட்ச்போர்டுக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் சுற்றிய கணக்கர் ஒருவரிடம் மேடம் ஒருநாள், "இருபது லைனை நான் பார்த்துக்கறேன் சார், நீங்க இருபத்தொண்ணாவதைப் போடாதீங்க" என்றார். அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

ரயில் நின்றுபோகும் மழைநாட்களில் மேடம் வீட்டுக்குப் போகமாட்டார். யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், ஹார்பர் லைனா சென்ட்ரல் லைனா என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார். முலுண்டிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் வீட்டார் கூப்பிடுவார்கள். "வந்துடுவார்" என்று ஒருவரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "நாலு பத்துக்குக் கிளம்பினார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. லைன்லயே இருங்க, நானும் இருக்கேன்." மறுமுனையில் அழுகிறவர்களோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். தெரியாது என்று சொல்ல ஓர் ஆள் எதற்கு என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதுண்டு.

மகளுக்காகக் காத்திருந்த அன்று என் கைபேசியில் மழை வரைபடம் இருந்தது, ரயில் செய்தி இருந்தது, "ஒண்ணும் ஆகாது" என்று உறவினர்கள் அனுப்பிய கும்பிடுகள் வரிசையாக இருந்தன. அவர்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மேடம் இருந்தால் அதைச் சொல்லியிருப்பார்.

ஏழு மணி தாண்டி வாசல் மணி அடித்தது. முழங்கால்வரை சேற்றோடு என் மகள். கூடவே என் வயதுப் பெண் ஒருத்தி. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலையாம். சயானில் வழி தெரியாமல் நின்ற என் மகளைக் கையைப் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் நடத்திக் கூட்டி வந்திருக்கிறாள். இந்த மழையில் அவள் ஏன் வெளியே வந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. மகளைக் கட்டிக்கொண்டு திட்டத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு மகள் இருந்தாள்; அவளும் அன்றே பத்திரமாக வீடு சேர்ந்தாள். ஆனால் வாசலில் நின்ற அந்த நேரத்தில் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

"ஏசாதிய அக்கா, புள்ள பயந்துபோயிருக்கா" என்றாள் அந்தப் பெண். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் மேலும் சொன்னாள்: "எம் மவ கோவண்டிக்கு வேலைக்குப் போனவ, இன்னும் வரல. அவளத் தேடித்தான் கெளம்புனேன். எம் போனு தண்ணியில விழுந்துட்டு. ஒங்க போனைக் கொஞ்சம் தாரியளா?"