எலுமிச்சம்பழமும் டொப்பல்கார்ட்டும்

தேவராசாவின் மூன்றாவது விபத்து கோயில் வளவில், கார்ப் பூசையின்போதே நடந்தது. முதல் இரண்டு விபத்துகளின் தோஷம் கழியட்டும் என்றுதான் அந்தப் பூசையே. ஐயர் நான்கு சில்லுகளுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, "மெல்லமா முன்னுக்கு எடுங்கோ" என்றார். தேவராசா பின்னுக்கு எடுத்தான். பின்னால் நின்றது கோயில் தலைவர் பொன்னுத்துரை அண்ணையின் பழைய கார். பழங்கள் தப்பின, கார் தப்பவில்லை.

தொண்ணூறுகளில் நான் ஜெர்மனியில், ஹனோவர் நகரில் காப்புறுதி முகவர். காப்புறுதி உண்டு என்பதற்குச் சாட்சி டொப்பல்கார்ட் என்ற இரட்டை அட்டை. அது இல்லாமல் காரைப் பதிய ஏலாது. காப்புறுதி போனால் நம்பர் தகட்டின் முத்திரையைச் சுரண்டிவிடுவார்கள். பிறகு கார் வெறும் தகரம்.

விபத்து அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். என் மேலாளர் ஜெர்மன்காரர். இரண்டு தரம் வாசித்தார்.

"டயருக்கு முன்னால் பழம் எதற்கு?"

"விபத்து வராமல் இருக்க."

அவர் சிரிக்கவில்லை. தேவராசாவின் காப்புறுதியை நிறுத்தினார். மற்றக் கம்பெனிகள் கேட்ட கட்டணத்துக்குக் காரை விட்டுவிட்டு நடக்கலாம்.

தேவராசா பின்னேரம் என் அலுவலகத்துக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. நகரத்துக்கு வெளியே பாண் பேக்கரியில் அவனுக்கு வேலை. முதல் பஸ் வருமுன் அங்கே மாக் குழைக்க வேண்டும்.

"அண்ணை, கார் இல்லாட்டி வேலை இல்லை. வேலை இல்லாட்டி வசந்திக்கு விசா இல்லை. கலியாணம் கட்டிப்போட்டு அவள் ஊரில காத்துக்கொண்டிருக்கிறாள்."

எங்கள் சனத்திடம் இதற்கொரு வழி இருந்தது. விபத்தில்லாத ஒருவரின் பேரில் காரைப் பதிவது. ஆனால் அப்படி நல்ல பேருள்ளவர்கள் எல்லாரும் அன்று கோயில் வளவில் நின்று பார்த்தவர்கள். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பொன்னுத்துரை அண்ணை உள்ளே வந்தார். "பழத்தை நசிக்கச் சொன்னா என்ர காரை நசிச்சுப்போட்டான்" என்று தொடங்கினார். கதையைக் கேட்டதும் நிறுத்தி, "வசந்தி ஆரின்ர பிள்ளை? எந்த ஊர்?" என்று விசாரித்தார். நாலு கேள்வியில் சொந்தம் பிடித்துவிட்டார்.

"அப்ப எங்கட பிள்ளையெல்லோ! என்ர கார்தான் போயிட்டுதே. இவன்ர காரை என்ர பேரில எழுது தம்பி. ஆனா திறப்பு என்னட்டைத்தான் இருக்கும்" என்று தேவராசாவிடமிருந்து சாவியை வாங்கிப் பையில் போட்டார்.

மேலாளருக்கு அது அதே கார் என்று தெரியும். ஆனால் கட்டண அட்டவணைப்படி அது இப்போது விபத்தில்லாதவரின் நல்ல கார். "இப்படியான ஆட்களை நிறையக் கொண்டு வாருங்கள்" என்று என் கையைக் குலுக்கினார்.

அன்றிலிருந்து அண்ணையே விடியற்காலையில் தேவராசாவை பேக்கரியில் இறக்கினார். லொறிகள் ஹோர்ன் அடித்து முந்திப் போகும். அவர் அசையமாட்டார். தேவராசா பக்கத்தில் நேரத்தைப் பார்த்தபடி இருப்பான். வேலை நிலைத்தது, விசா வந்தது, வசந்தியும் வந்தாள்.

அவள் பாஷை படித்து, லைசன்ஸ் எடுத்து, அதே காருக்குத் தன் பேரில் டொப்பல்கார்ட் கேட்டு தேவராசாவோடு என்னிடம் வந்தாள். அண்ணை தனக்கு வேறு கார் வாங்கி, தன் விபத்தில்லாத நல்ல பேரையும் அதோடு கொண்டுபோயிருந்தார். எறும்பைக்கூட இடிக்காத வசந்தியைப் புது ஓட்டுநர் என்று காப்புறுதி விதி ஆபத்தானவர்களின் வகுப்பில் போட்டது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

"தேவராசாவும் இடைக்கிடை கார் ஓடுவாரோ?" என்று கேட்டேன்.

வசந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பக்கத்தில இருப்பன் அண்ணை" என்றான் அவன், அவசரமாக.

இளம் முகவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கார் யார் பேரில் என்பதை அட்டை சொல்லும். திறப்பு யார் கையில் என்பதை நீங்கள்தான் வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.