கண்ணாடித்தாள் பிரிக்காத தட்டு

பழைய இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால் தம்பி உடனே அதைப் போட்டுக் கேட்க மாட்டான். சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். விளிம்பை மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவில் தாங்கிக்கொண்டு, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தைத் துருவுவான். அங்கே நகக்கீறல் போல் சில எழுத்துகள் பொறித்திருக்கும். அதை வைத்தே, இது முதல் அச்சில் வந்ததா, பின்னால் மறுபடி அடித்ததா என்று சொல்லிவிடுவான்.

முன்னறையில் தையல் மெஷினை மிதித்தபடி அக்கா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் எட்டாவதோடு நின்றவள். அவனும் பெரிதாகப் படித்துக் கிழித்துவிடவில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்த தட்டுகளை உடைத்துப் போடச் சொன்னால், உடைக்க மனமில்லாமல் வீட்டுக்குத் தூக்கிவந்து கழுவிக் காயவைத்தவன். இன்று கார் வைத்திருப்பவர்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "உள்ளதான் இருக்கான், போங்க" என்று அவர்களிடம் சொல்லும்போது அக்காவின் கழுத்து விரற்கடை அளவு நிமிரும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் தொங்கித்தான் திரும்புவார்கள். அப்பா காலத்துத் தட்டு, தங்கத்துக்குச் சமம் என்று நினைத்து வந்திருப்பார்கள். தம்பி மழுப்ப மாட்டான்.

"பழசுங்கறதுக்காக யாரும் காசு குடுக்க மாட்டாங்க சார். அன்னிக்கு வீட்டுக்கு வீடு வாங்கினது இன்னிக்கும் வீட்டுக்கு வீடு கெடக்கு. அன்னிக்கு எவனும் சீண்டாம விட்டது எதுன்னு பாருங்க, அதுக்குத்தான் இன்னிக்கு அடிதடி."

ஒரே பாட்டு, ஒரே படம் போட்ட அட்டை. ஒன்று டீ குடிக்கிற காசுக்குப் போகும், இன்னொன்று மோட்டார் சைக்கிள் விலைக்குப் போகும். கீறல் இல்லாமல், அட்டை கிழியாமல், முதல் அச்சாக இருக்க வேண்டும். கடையில் சுற்றிக் கொடுத்த கண்ணாடித்தாளைக் கூடப் பிரிக்காமல் இருந்துவிட்டால் விலைக்கு மேல் விலை. அதைக் கேட்டபோது அக்கா சிரித்துவிட்டாள். புதுப் புடவையை வாங்கிக் கடைசிவரை கட்டாமலே பீரோவில் வைத்திருப்பவளுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்றாள்.

அப்படியொரு தட்டைத்தான் லாட்ஜ்காரர் கொண்டுவந்தார்.

அவர் கார்க் கதவை அடைக்கும் சத்தத்திலேயே தெருநாய் எழுந்து இடம் மாறிவிடும். சந்தைத் தெருவில் தட்டுக் கடை வைத்திருந்த தாடிக்காரர் ஒருமுறை இவரிடம் நல்ல சரக்கு என்று சொல்லி ஒன்றை விற்றார். அது மறு அச்சு என்று பின்னால் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் கடையின் ஷட்டர் திறக்கவே இல்லை. தாடிக்காரர் எங்கே போனார் என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

லாட்ஜ்காரர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தம்பியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். வெளிநாட்டு ஆள் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறாராம். அவருடைய ஏஜெண்டு அடுத்த வாரம் வருவாராம். கண்ணாடித்தாள் பழைய கடையில் சுற்றியதுதான், உள்ளே தட்டு நேராக இருக்கிறது என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். தம்பி தாளின் ஒட்டுகளைப் பார்த்தான், மூலைகளைப் பார்த்தான், பழையதுதான் என்றான். ஆனால் எந்தத் தட்டு வந்தாலும் முதல் வேலையாகக் கண்ணாடிப் பலகைமேல் படுக்கவைத்து வளைவு பார்ப்பவன், அன்று அதை மறந்துபோனான். பிடரியில் ஒருவர் மூச்சு படும்போது வேறு என்ன நடக்கும்?

"பத்திரமா வச்சிரு தம்பி. ஏஜெண்டோட வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பின்னறைக்குப் பூட்டு கிடையாது. வீட்டில் பூட்டு உள்ளது அக்காவின் இரும்பு பீரோ ஒன்றுதான். தட்டை எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப் போட்டால் கெட்டுவிடும் என்பது தம்பியின் கட்டளை. நிறுத்திவைக்க உயரம் இருந்தது பீரோவின் இடதுபக்கத் தடுப்பில் மட்டுமே. அங்கே, இரும்புத் தகட்டை ஒட்டி நிறுத்தினான். அக்கா பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வாரம் பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாய்க் குவிந்திருந்தன. காலையிலிருந்து பொழுது சாயும்வரை இஸ்திரிப் பெட்டி ஆறவே இல்லை.

சனிக்கிழமை நூல்கண்டு எடுக்க பீரோவைத் திறந்தவள் இடதுபக்கத் தகட்டில் கை வைத்தாள். சுட்டது.

வெளிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இஸ்திரி மேசை பீரோவை ஒட்டியே இருந்தது. பெட்டியை நிறுத்தும் தாங்கி அந்தத் தகட்டில் சாய்ந்திருந்தது. எத்தனையோ வருடமாக அப்படித்தான் இருக்கிறது. துணிக்கு அதனால் ஒன்றும் ஆனதில்லை.

தட்டை வெளியே எடுத்தாள். கண்ணாடித்தாள் மேளத்தில் கட்டிய தோல் மாதிரி இறுகியிருந்தது. அட்டையின் ஒரு மூலை லேசாக, மிக லேசாக, மேலே தூக்கியிருந்தது. அப்படியே தம்பியிடம் கொண்டு ஓடினாள்.

தம்பி அதைக் கண்ணாடிப் பலகைமேல் படுக்கவைத்தான். மூலைக்கடியில் ஒரு தீப்பெட்டிக் குச்சி நுழைந்தது.

"நம்ம வீட்டுச் சூடா?" என்றாள்.

"தெரியலக்கா. வந்தப்பவே இப்படி இருந்துச்சோ என்னவோ. நான் பாக்கல."

கண்ணாடித்தாள் இறுகினால் உள்ளே இருக்கும் தட்டையும் சேர்த்து வளைக்கும், நாளாக ஆக வளைவு கூடும், இப்போது பிரித்தால் தட்டு பிழைக்கும் என்று விளக்கினான். பிரித்தால் விலை பாதியாகிவிடும். பிரிக்காமல் அப்படியே கொடுத்தால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அக்கா வாசலைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டேய், சொல்லாதடா. மூலைய அமுக்கிப் பிடிச்சுக் குடுத்துரலாம். ஏஜெண்டு பாத்தா பாக்கட்டும். அந்தாளு யாருன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நேரா இருக்குன்னு எப்படிக்கா சொல்றது? வளைஞ்சிருக்கே."

இவ்வளவுதான் சொன்னான். அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போதும் இப்படித்தான். அடி விழும் என்று தெரிந்தும், பானையை உடைத்தது நான்தான் என்று போய் நிற்பான். அப்போது நடுவில் புகுந்து அடியை வாங்கிக்கொள்ள அவளால் முடிந்தது. இப்போது அதற்கு வழியில்லை.

திங்கட்கிழமை கார்க் கதவு அடைபட்டது. ஏஜெண்டு வரவில்லை, லாட்ஜ்காரர் மட்டும் வந்தார். மெஷினுக்கடியில் அக்காவின் கால் உறைந்து நின்றது. தம்பி எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தட்டு வளைந்திருப்பதைச் சொன்னான், இப்போதே பிரித்தால் பிழைக்கும் என்பதையும் சொன்னான். வந்த அன்று தான் பலகைமேல் வைத்துப் பார்க்கத் தவறியதைச் சொன்னான். பீரோவைச் சொன்னான். இஸ்திரிப் பெட்டியையும் சொல்லிவிட்டான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

லாட்ஜ்காரர் இஸ்திரி மேசையைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். போய்த் தகட்டைத் தொட்டும் பார்த்தார்.

"வேற யாருகிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"நேரா இருக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"சொல்ல முடியாது சார்."

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். அக்கா தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள். கையில் தையல் பிரிக்கும் சின்னக் கத்தி இருந்தது. அவர் அதைக் கவனித்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வேறேதாவதா, தெரியவில்லை.

"என்னம்மா, குத்தப் போறியா?"

"தையல் பிரிக்கிறதுங்க" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

"அப்ப இதப் பிரி. உள்ள மறு அச்சு இருந்துச்சுன்னா அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

தம்பியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால் வெட்ட வேண்டியவள் அவள்தான். தாளை முழுவதும் உரிக்காதே, தட்டை வெளியே எடுக்கும் பக்கம் மட்டும் கீறு, மிச்சத் தாள் அட்டைமேலேயே இருக்கட்டும், அதற்கும் மதிப்புண்டு என்று தம்பி மெதுவாகச் சொன்னான். பட்டுச் சட்டையில் தப்பாய்ப் போட்ட தையலைத் துணி அறியாமல் பிரிப்பவள் அவள். கத்தியின் நுனியை அட்டையில் படாமல் செருகி இழுத்தாள். இறுக்கம் விட்டு, தாள் பெருமூச்சு போல் ஒரு சத்தம் போட்டது.

தம்பி தட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். ஆழமில்லாத தட்டம் போல் லேசாகக் குழிந்திருந்தது. வெற்று வளையத்தைத் துருவினான். லாட்ஜ்காரர் மறுபடியும் அவன் பிடரிக்கு வந்துவிட்டார். இந்த முறை அவன் அவசரப்படவில்லை.

"முதல் அச்சு" என்றான்.

பிளேயரில் வைத்தான். தட்டு சுற்றச் சுற்ற ஊசி அலையில் போகும் தோணி மாதிரி ஏறி இறங்கியது. ஒவ்வொரு ஏற்றத்திலும், இதோ துள்ளிவிடப்போகிறது என்று அக்கா மூச்சைப் பிடித்தாள். துள்ளவில்லை. இத்தனை வருடம் யார் காதிலும் விழாத ஒரு பெண்குரல், பிசிறில்லாமல் அந்த அறையில் பாடியது. லாட்ஜ்காரர் அது முடியும்வரை நின்றார். பாட்டைக் கேட்டாரா, கணக்குப் போட்டாரா என்று முகம் சொல்லவில்லை. கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்தால் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று தம்பி சொன்னான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. தெருவில் எந்தக் கார்க் கதவு அடைபட்டாலும் அக்காவின் மெஷின் நின்றுவிடும். தாடிக்காரரின் ஷட்டர் கண்முன் வரும். தம்பி கடைக்குப் போய்த் திரும்பும்வரை வாசலிலேயே நிற்பாள். "நான் என்ன சின்னப் பையனா?" என்பான். "ஆமாடா" என்பாள்.

ஒரு பிற்பகல் அதே சத்தம் கேட்டது. அக்காவின் மெஷின் நின்றது. லாட்ஜ்காரர் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கையிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே வரிசையாகப் பழைய தட்டுகள்.

"அத வித்தாச்சு. வளைஞ்சிருக்குன்னு சொல்லித்தான் வித்தேன்" என்றார் தம்பியிடம். "இதெல்லாம் என்ன விலை பெறும்னு பாத்து வை. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

பெட்டியை இறக்கிவைக்க இடம் தேடி, இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பினார்.

"அங்க வேணாங்க" என்றாள் அக்கா. அவளுடைய குரல் திரும்பி வந்திருந்தது. "இந்தப் பக்கம் வைங்க. நிறுத்தி வைங்க."

அவர் சொன்னபடியே வைத்தார்.