கேள்வி கேட்கும் மலை

"ஏட்டி, மீன்காரன் மவளுக்கு ரோமாபுரி என்னத்துக்கு? நீ போயிட்டு வந்தா சாளை தானா கரைக்கு நடந்து வருமா?"

கப்பல் ஏறுமுன் என் தாய்மாமா கேட்டது இது. முட்டத்தில் எங்கள் ஊர்த் தலைவர் அவர்தான். நான் பிறக்குமுன்பே அவர்தான்! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமாவுக்கு மட்டும் நான் இன்னும் 'ஏட்டி'.

அன்று பதில் தெரியவில்லை. போன வாரம் தெரிந்தது.

ரோமாபுரி யாத்திரையைப் பற்றிப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நிறையவே எழுதிவிட்டேன். ஒரு மலையை மட்டும் விட்டுவிட்டேன். எங்களைக் கூட்டிப் போன கன்னியர் மடத்து மதர் பிறந்த ஊர்—சான் மரீனோ. ஊர் என்றால் மதருக்குக் கோபம் வரும். தனி நாடு! சுற்றிலும் இத்தாலி, நடுவே ஒரு மலை. அந்த மலைதான் நாடு. ஆரல்வாய்மொழியிலிருந்து முட்டத்துக்கு நடக்கிற தூரம் அங்கே நடந்தால், பாதி வழியிலேயே அடுத்த நாடு வந்துவிடும்.

மின்சார ரயில் குகைகளுக்குள் புகுந்து புகுந்து ஏறியது. உச்சியில் இறங்கித் திரும்பினால்... தூரத்தில் கடல்! மலை பார்க்கப் போனவளின் கண் அதைத்தான் முதலில் தேடிப் பிடித்தது.

முன்னொரு காலத்தில் அந்தக் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த கல்தச்சர் ஒருவர், கிறிஸ்து வேதத்துக்காகத் துன்புறுத்தியவர்களிடமிருந்து தப்பி இந்த மலையில் ஒளிந்தாராம். அவரைச் சுற்றிச் சேர்ந்தவர்களே நாடானார்கள். ராஜா கிடையாது. இரண்டு தலைவர்கள், ஆறே மாதம், பிறகு இறங்கிவிட வேண்டும். இறங்கிய பிறகுதான் சங்கதியே! பதவியில் இருந்தபோது அவர்கள் செய்ததைப் பற்றிக் குடிமக்கள் குறை சொல்லலாம். அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மாமாவின் மீசை ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன்.

மதரின் பிறந்த வீட்டில் அவருடைய அண்ணி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதாவது தலைவர்களை அப்படிக் கேள்வி கேட்டதுண்டா என்றேன். அண்ணி மாவுக் கையை உதறிவிட்டு ஏதோ சொன்னார். மதர் அதை அப்படியே முட்டத்துத் தமிழில் தந்தார்:

"நானா? அது ஆம்பிளைய காரியமுல்லா, மக்களே! எங்களுக்கு வோட்டே கிடையாது."

இத்தனை காலமாகக் கேள்வி கேட்க உரிமையுள்ள நாடு. அதில் பாதிப் பேர் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்...

ஊர் திரும்பினால், நாலாம் வகுப்பு அறை நிறைய வலை! மழைக்கு நனையாமல் இருக்க மாமா போடச் சொன்னாராம். மழை நின்றும் வலை போகவில்லை. வாசற்படி வரை கிடந்தது. பையன்கள் தாண்டிக் குதித்துப் போய் வாத்தியாரிடம் படிக்கிறார்கள். பெண்பிள்ளைகள்? எங்கள் கரையில் பெண்கள் வலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலையில் மீன் படாது என்பார்கள். அவர்கள் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மாமாவின் கடைசி மகள் செசிலிக்கும்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது கேட்டேன்.

"மாமா, வலைய எப்போ எடுப்பிய?"

"எடுத்து எங்க வைக்க? உன் தலையிலயா?"

கூட்டம் சிரித்தது.

"அப்போ பொம்பளப் பிள்ளைய படிக்க வேண்டாமா?"

"பேரு எழுதத் தெரியுமில்லா? பெறவு என்ன?"

"அது போதும்னா, சர்க்கார் காயிதம் வந்ததும் எதுக்கு மாமா என்ன தேடி ஓடி வாறிய?"

இந்தத் தடவை கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வலையத் தாண்டி மட்டும் பாரு, ஏட்டி! மீன் படலேன்னா ஊரே உன்னக் கேக்கும்."

"கேக்கட்டும் மாமா. பதில் சொல்லுதேன்."

சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் காலை நாலாம் வகுப்பு வாசலில் என் கண் கடலுக்குத்தான் போனது. மீனுக்குப் போன என் அப்பாவும் அதே கடலில்தான் இருந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். வெளியே நின்ற பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குதித்தாள்.

செசிலி!

வகுப்பு நடக்கிறது. ஊர் இனி என்னைக் கேட்கலாம்.