மூன்றாவது கட்டு

அராபா குவான்சாவின் மேஜையில் காகிதம் தூங்காது என்று கானா நாட்டின் எல்மினா பல்கலைக்கழகத்தில் பெயர். எழுத்தராகச் சேர்ந்து, முட்டி மோதி, இருபத்திரண்டு வருஷத்தில் துணைப் பதிவாளர் ஆனவர். நிர்வாகிகளுக்கான பயிற்சிக்கு அனுப்பும்போதே, முதலாவதாக வந்தால் பதிவாளர் நாற்காலி என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளென்று வலைகள்கூடக் கரையில் சும்மா கிடந்தன. பயிற்சிக்கு வந்தவர்களுக்குத்தான் ஓய்வில்லை. ஆளுக்கு முப்பது கடிதம், ஒரு மணி நேரம். இன்றே பார்க்க வேண்டியவை, இந்த வாரம் பார்க்க வேண்டியவை, பதிலே வேண்டாதவை என்று மூன்று கட்டாகப் பிரிக்க வேண்டும். எல்லாம் பழைய கோப்புகளிலிருந்து எடுத்த நிஜக் கடிதங்கள். பெயர்களை மட்டும் மை பூசி மறைத்திருந்தார்கள். அராபா நாற்பது நிமிஷத்தில் முடித்துக் கையைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்த தேர்வுப் பிரிவு ஈபோ, "அக்கா, எங்களயும் கொஞ்சம் பொழைக்க விடுங்க," என்றார்.

பயிற்சியாளர் டாட்ஸி அராபாவின் மூன்றாவது கட்டிலிருந்து ஒன்றை உருவி, அவரையே வாசிக்கச் சொன்னார். நிறைமாதக்காரியான ஓர் எழுத்தர், பதவி உயர்வுத் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கிறாள். 'இரண்டு வாரம் பொறுத்தால் குழந்தையும் பிறந்துவிடும், நானும் எழுதிவிடுவேன்.'

அந்த வரியில் அராபாவின் குரல் நின்றது. அவரே எழுதிய வரி. பத்தொன்பது வருஷம் ஆயிற்று. பதில் வரவில்லை, அடுத்த தேர்வுக்கு ஐந்து வருஷம் காத்திருந்தார். நமக்கென்று ஒரு மேஜை கிடைத்தால் யாரையும் இப்படிக் காக்க வைப்பதில்லை என்று அன்றைக்குச் சபதம் போட்டவர், இன்று பாதி படித்ததும் தூக்கி ஓரமாகப் போட்டிருக்கிறார்.

"கரெக்ட் மேடம். கடிதம் கைக்கு வர்றதுக்குள்ள தேர்வுத் தேதிதான் போயிடுச்சே, இனி பதில் எதுக்கு?" என்றார் டாட்ஸி. வாயை மூடிக்கொண்டிருந்தால் முப்பதுக்கு முப்பது.

"தப்பு சார். மார்க்கக் கொறச்சுக்கங்க. முடியாதுன்னாவது ஒரு வரி எழுதிருக்கணும். அந்தப் பொண்ணு தெனமும் தபால் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவதான்," என்று உட்கார்ந்தார்.

விடைக்குறிப்புக்கு மாறாகப் பேசியதால் டாட்ஸி குறைக்கத்தான் செய்தார். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம் ஈபோவுக்குப் போனது.

மறுநாள் அலுவலகத்தில், பதில் வேண்டாம் என்று தான் ஒதுக்கியதெல்லாம் எங்கே என்று உதவியாளரைக் கேட்டார். அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள். மேஜையில் தூங்காத காகிதங்கள் முழங்கால் உயரத்துக்கு அங்கே கிடந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் அராபாவின் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததை உருவி, தேதியைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.