அமாவாசையில் ஓடாத தறி

கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன் பட்டுப்புடவை வாங்கக் கிளம்பினால் நாள் பார்க்காமல்தான் போய் நிற்பான். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை நான் ஆரணிக்குப் போனது அப்படித்தான். மறுநாள் மாலை அக்கா மகளுக்குப் பெண் அழைப்பு. தாய்மாமன் புடவை என் பொறுப்பு.

காலை 6.10-க்குப் பூந்தமல்லியில் பேருந்து ஏறினேன். கட்டணம் 135 ரூபாய். 9.45-க்கு ஆரணி. இட்லி, வடை, காபி 55 ரூபாய். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஆட்டோவுக்கு 200. (ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. படித்தால் ஏனென்று புரியும்.)

"இன்னிக்கு அமாவாசையாச்சே சார், ஒரு தறியும் ஓடாதே" என்றார் ஆட்டோக்காரர், ஊருக்குள் நுழைந்த பிறகு. முன்னாலேயே சொன்னால் சவாரி போய்விடுமே!

தெரு கம்மென்று கிடந்தது. நான் முன்பே சொல்லிவைத்திருந்த நெசவாளர் தனலட்சுமி அம்மா வீட்டில் என் புடவை இன்னும் தறியிலேயே இருந்தது. இழை அறுந்து ஒரு நாள் வீணானதில் ஒரு சாண் பாக்கி.

"நாளைக்கு காலைல அஞ்சு மணிக்கு உக்காந்தா பத்துக்குள்ள அறுத்துக் குடுத்துர்றேன் சார்" என்றார்.

பத்துக்குப் பிறகு கிளம்பி, வழியில் பேருந்து மக்கர் செய்தால் வெறுங்கையோடு பந்தலில் நிற்க வேண்டியதுதான். அமாவாசையன்று நெய்யக் கூடாது என்பது தெருச் சங்கத்தின் கட்டுப்பாடு. தனலட்சுமிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. எடுத்துவிடச் சொல்லிக் கூட்டத்தில் வாதாடித் தோற்றும் இருக்கிறார். இது போதாதா எனக்கு? கதவைச் சாத்திக்கொண்டு நெய்யுங்கள், ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றேன்.

"பேசித் தோத்துட்டு, கதவ சாத்திகினு நெய்யறதா? அடுத்த கூட்டத்துல எந்த மூஞ்சிய வச்சிகினு பேசறது?"

வெட்கமாகிவிட்டது. ஏதென்ஸ் நகரத்துச் சிறையில் நஞ்சுக்குக் காத்திருந்த தத்துவக் கிழவரை, பணம் தயார், தப்பிவிடலாம் என்று அழைத்த நண்பரைப் பற்றி வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். இப்போது நானே அந்த நண்பர். கிழவர் சட்டத்தை மீறி ஓட மறுத்தார். அதே கிழவர்தான், வாயை மூடச் சொல்லி உத்தரவிட்டால் கேட்கமாட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னவர். சட்டத்துக்குப் பணிந்தவரா, மனசாட்சிக்கா? இருபது வருடமாகத் தேர்வில் கேட்கிறேன். விடை எனக்கே சரியாகத் தெரியாது.

"அப்போ சங்கம் எது சொன்னாலும் கேட்பீர்களா?" என்றேன், விடாமல்.

டீ கொண்டுவந்த பெண்ணைக் காட்டினார். ரேவதி, அதே தெருக்காரி. கரை நெய்யும்போது எதிரே உட்கார்ந்து கைகொடுப்பவள். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டதால் அவளோடு யாரும் பேசக்கூடாது என்று போன வருடம் தீர்மானமாம்.

"நெய்யாத இருந்தா ஒரு நாள் கூலிதான் சார் போச்சு. இவள பாத்து மூஞ்ச திருப்பிக்கினா நான் மனுஷியா? பேசுவேன், வேலையும் குடுப்பேன்னு கூட்டத்துலயே சொல்லிட்டேன். திருவிழால எங்க வூட்டுக்கு வர்ற முறை மரியாதைய நிறுத்திட்டாங்க. நிறுத்துங்கன்னுட்டேன்."

"அக்காக்கு என்னால ரொம்ப பேஜாரு சார்" என்றாள் ரேவதி.

ஆரணியில் தங்கினேன், அறை 900 ரூபாய். போனில் அக்கா விட்ட டோஸ் இலவசம்.

மறுநாள் காலை நான் போய் உட்கார்ந்து, தனலட்சுமியும் ரேவதியும் நெய்துகொண்டிருந்தபோது ஒன்பது மணிக்குச் சங்கத் தலைவர் வந்தார்.

"நேத்து ஜல்தியா வேணும்னு ஆளு வந்து நின்னாராமே? தறி சத்தமே கேக்கல."

"கட்டுப்பாடு இருக்குதேங்க."

ஒரு வருடமாக அவளோடு பேசாத தலைவர் எதிர்ப்பக்கம் ரேவதியிடம் திரும்பி, "சாப்ட்டியாம்மா?" என்றார். ரேவதியின் கை நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள். தனலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தறியைப் பார்த்தார்.

10.20-க்குப் புடவை கைக்கு வந்தது, நான்கு மணிக்கு வீட்டுக்கும். அக்கா சிரித்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: அமாவாசையைத் தவிருங்கள். இரண்டு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். தறி வீட்டில் எதிரே உட்கார்ந்து கைகொடுப்பவரிடமும் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு வருடமாக ஒருவரைத் தவிர யாரும் கேட்காதவராக இருக்கலாம்.