எந்த மணி?

ராசிக் நானா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மகள் சிலாவத்துறையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" பதினாறு வருடமாக வாக்குமூலம் எழுதிப் பழகிய புத்தி அது. "தெரியாது அன்ரி. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனன், எழும்பேல்ல," என்றாள். அவருக்குப் பொருத்தமான பதில்தான் என்று நினைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த மேசையும் தெரியும். மன்னார் நகரில், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சிறிய கந்தோரில் நாங்கள் இருவரும் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்தோம். நான் ஒரு நாளில் எட்டுப் பேரை முடிப்பேன். அவர் மூன்று பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி சனம் காத்திருக்கும், எனக்கு எரிச்சல் வரும். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். "நீ கெதியா எழுது தங்கச்சி. நான் பிழையில்லாமல் எழுதிப் பாக்கிறன்," என்பார், சிரிக்காமல்.

விசாரிக்க வருகிறவர்கள் விபரம் கேட்பார்கள். சட்டையின் நிறம், வாகன இலக்கம், நேரம். விபரம் கூடினால் உண்மையும் கூடும் என்று நானும் நம்பினேன். "விபரம் கூடினால் பிழைவிடுற இடமும் கூடும்," என்பார் நானா. அதற்காக அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்து தன் வளவைக் கேட்டு விண்ணப்பித்தபோது, அதில் நின்ற மரங்கள் எத்தனை என்ற கேள்விக்குச் "சில தென்னைகள்" என்று எழுதினார். அடுத்த வளவுக்காரர் பதினேழு என்று எழுதி, முதலில் காணியைப் பெற்றார். நானா மூன்று வருடம் அலைந்தார். "நீங்களும் ஒரு எண்ணைப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "எண்ணினவன் போடட்டும்," என்றார். எனக்கு அது வெறும் வீம்பாகவே பட்டது.

லூசியா அக்கா வந்த பிறகுதான் விளங்கியது. தாழ்வுபாட்டில் கருவாடு போடுகிறவர். அவருடைய மகனை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். "கோயில் மணி அடிச்சாப்பிறகு வந்தவங்கள்," என்றார். நான் கட்டுக்கரைப் பக்கத்து வயல் ஊர்க்காரி. எங்கள் பிள்ளையார் கோயிலில் பின்னேரப் பூசை மணிதான் ஊரெல்லாம் கேட்கும். படிவத்தில் நேரத்துக்கென்று ஒரு பெட்டி இருந்தது. அதை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. "மாலை ஆறு மணி" என்று எழுதி, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மகனின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்பதில்தான் அவருடைய கவனம் இருந்தது. கையொப்பம் வைத்தார்.

விசாரணையில் கேட்டபோது, மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மகன் எழும்பிப் போனதாகச் சொன்னார். முரண்பாடு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். தாழ்வுபாட்டில் கோயில் என்றால் மாதா கோயில். மணி காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் அடிக்கும். துணைக்குப் போயிருந்த நானா எழுந்து, "பிழை எங்கட கந்தோரின்ர. இந்த அம்மாவின்ர இல்லை," என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் என்னை ஏசவில்லை. "எங்களுக்குப் பள்ளியில பாங்கு ஒரு நாளைக்கு அஞ்சு தரம். பாங்கு சொன்னாப்பிறகு வந்தனான் எண்டு நான் சொன்னால், எந்தப் பாங்கு எண்டு கேக்கமாட்டியா தங்கச்சி?" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லி அவர் ஒவ்வொரு வருடமும் கடிதம் எழுதினார். அவரை அடக்கம் செய்த பத்தாம் நாள் பதில் வந்தது. புதிய வாக்குமூலம் கொடுக்கலாமாம்.

லூசியா அக்கா நேற்று வந்தார். நானாவின் வெறும் கதிரையைப் பார்த்தார். இந்த முறை நான் கேட்டேன்: "எந்த மணி அக்கா?"

"தெரியேல்லப் பிள்ளை. மத்தியானம் எண்டுதான் இருந்தது. பிறகு ஆளாளுக்கு ஆறு மணி, ஆறு மணி எண்டு என்ர கடதாசியை வாசிச்சு வாசிச்சு... இப்ப கண்ணை மூடினால், தட்டில சோறு கிடக்கு. ஆனால் விளக்கும் கொளுத்திக் கிடக்கு."

அந்த விளக்கைக் கொளுத்தியவள் நான்.

"கோயில் மணி அடித்த பிறகு" என்று அவர் முதலில் சொன்னபடியே எழுதினேன். நேரத்துக்கான பெட்டியை வெறுமையாக விட்டேன். நானாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வெறும் பெட்டிதான். களைப்பாக இருக்கிறது நானா. வெளியே வாங்கில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். நான் கெதியாக எழுதவில்லை.