பலியைப் பற்றிப் பேசிய தமயந்தி

ரங்கநாதன் தெரு நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது தமயந்தியின் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க சார்" என்றார். அந்த இரைச்சலில் எனக்கு அது வழக்கமான செய்தியாகத்தான் கேட்டது. "இந்தத் தடவை எந்த மலைக்கு?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல சார்... காலையில நெஞ்சு வலின்னாங்க..." என்று தொடங்கினார். யாரோ என் தோளை இடித்துக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், கூட்டம் தள்ளிய பக்கமே நடந்தேன்.

தமயந்தியை அறிந்தவர்களுக்கு நான் அப்படிக் கேட்டது வியப்பாக இராது. அடையாறில் ஒரே கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். நான் வரலாறு, அவர் மானிடவியல். விடுமுறை விட்டால் போதும், ஒடிசா மலைகளுக்கு ரயிலேறிவிடுவார். அங்கே ஒரு பழங்குடியினர் முன்னொரு காலத்தில் பூமித்தாய்க்கு மனிதரைப் பலி கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் நின்றுபோன சடங்கு அது. பிறகு மனிதனின் இடத்துக்கு எருமை வந்தது. அந்தப் பலியைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி.

மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் அவர் பேசியது நினைவிருக்கிறது. பலிக்கு உரியவரை வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கி வருவார்களாம். சிலரைப் பல ஆண்டுகள் ஊரிலேயே வைத்து வளர்ப்பார்கள். நிலம் கொடுத்து, கல்யாணமும் செய்துவைப்பார்கள். பிறகு ஒரு நாள் வெட்டிச் சதையை வயல்களில் புதைப்பார்கள். "அவனோட உக்காந்து சாப்பிட்டவங்கதான் அவனைக் கொன்னாங்க. பாசம் இல்லாம இல்ல. அதுதான் என்னைத் தூங்க விடல" என்றார். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார்: "அதை நிறுத்த வந்த துரைங்க ஊர் ஊராக் கொளுத்தினாங்க. அதுல செத்தவங்களை எந்தப் பலிக் கணக்குல சேர்க்கறது?"

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார். "பாவப்பட்ட ஜனங்க. அவங்களுக்குக் கெட்ட பேர் வர்றதை ஏன் மேடம் கிளறணும்?"

"பலியானவனும் பாவப்பட்டவன்தானே சார்" என்றார் தமயந்தி.

அந்தப் பேச்சை யாரோ பதிவு செய்திருந்தார்கள். சில மாதங்கள் கழித்து, முன்னும் பின்னும் வெட்டிய ஒரு துண்டு வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கியது. வெட்டுவதும் புதைப்பதும் அதில் இருந்தன. அது எந்தக் காலத்தில் நடந்தது என்பது இல்லை. அப்போது அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களில் பலர் ஒடிசாக்காரர்கள். பாலம் நிற்க வேண்டுமானால் ஒரு பிள்ளையைக் காவு கேட்கும் என்ற பழைய பயம் அந்தத் துண்டோடு சேர்ந்துகொண்டது.

ஒரு முற்பகல், நாங்கள் கல்லூரியில் இருந்தபோது தமயந்தியைச் செல்வி அழைத்தார். அவர் வீட்டில் வேலை செய்பவர், ஆற்றோரக் குடியிருப்பில் இருப்பவர். "யம்மா, இங்க ஒரு கொயந்தயக் காணோம். பாலத்து ஆளு ஒருத்தனப் புடிச்சு அடிச்சிக்கினு கீறாங்க. நீ பேசுன வீடியோவத்தான் காட்டிக்கினு கீறாங்க. சீக்கிரம் வாம்மா." காவல்துறைக்குச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். வழிநெடுக தமயந்தி "வேகமா போப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞனை உட்காரவைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. தமயந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். "வீடியோல பேசறது நான்தான்."

கையில் கட்டை வைத்திருந்தவர் கேட்டார்: "அப்ப நீயே சொல்லு. இவனுங்க ஆள வெட்டறவனுங்கன்னு சொன்னியா இல்லியா?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் தவித்தேன்.

"ஆமா, சொன்னேன்" என்றார். "இவனோட தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல நடந்தது. அதை எப்பவோ விட்டுட்டாங்க. அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு உங்களுக்கு அனுப்பியிருக்காங்க."

பிறகு அந்த இளைஞனின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, தான் ஆராய்ந்த மலைமக்களின் மொழியில் பேசினார். அது காதில் விழுந்ததும் அவன் அழுதுவிட்டான். அவன் பெயர் சுக்ரா. விம்மலுக்கு நடுவே ஏதோ நீளமாகச் சொன்னான். தமயந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"இவன் ஊர்லேர்ந்து கிளம்பறப்போ இவங்க அம்மா தடுத்தாங்களாம். பட்டணத்துல பாலத்துக்கு ஆளைக் காவு கொடுப்பாங்க, போகாதேன்னு. நீங்க பிடிச்சதும் அதுக்குத்தான்னு நெனச்சிருக்கான்."

"நாங்களா? நாங்க இன்னாத்துக்கு..." என்று தொடங்கிய கட்டைக்காரர், கையிலிருந்த கட்டையைக் கீழே இறக்கினார்.

போலீஸ் வந்து சேரும்போதே குழந்தையைப் பற்றித் தகவலும் வந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்த அத்தை, யாரிடமும் சொல்லாமல் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். தாய் அழுதுகொண்டே ஓடினாள். கூட்டம் கலைந்தது. அடித்தவர்கள் யாரும் சுக்ராவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்விதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் தமயந்தியால் உட்கார முடியவில்லை. மணலில் போவதும் வருவதுமாக இருந்தார். "இனிமே இதைப் பேசாம விட்டுடுங்களேன்" என்றேன்.

"நான் விட்டா அந்தத் துண்டு மட்டும்தான் சார் பேசிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் மலையைப் பற்றிப் பேசிய மேடைகளிலெல்லாம் ஆற்றங்கரையைப் பற்றியும் பேசினார். தூரத்து மலைக்கதை கேட்க வந்தவர்களுக்கு அது கசந்தது. அந்தப் பகுதியை விட்டுவிடச் சொன்ன ஓர் அமைப்பாளரிடம், "அப்போ ரெண்டையும் விட்டுடறேன்" என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கியே விட்டார். அழைப்புகள் குறைந்தன.

அபிராமபுரத்து வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது செல்வி என்னிடம், "அந்தப் பையனுக்குச் சொல்லிட்டியா சார்?" என்று கேட்டார். ஆற்றங்கரையில் அன்று சுக்ரா கொடுத்திருந்த எண்ணுக்கு அங்கேயே அழைத்துப் பார்த்தேன். அது இப்போது உபயோகத்தில் இல்லை. எந்த ஊரில் எந்தப் பாலத்தில் இருக்கிறானோ.

அமைதியாக உறங்குங்கள் என்று தமயந்திக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. உறங்கத் தெரியாதவர் அவர். கட்டையின் முன்னால் நின்று அவர் சொன்ன "ஆமா, சொன்னேன்" என்ற பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஒரு பொய் சுக்ராவை இன்னும் சீக்கிரம் விடுவித்திருக்கலாம். குழந்தை கிடைக்காமல் போயிருந்தால் அந்த உண்மையே அவனைக் கொன்றிருக்கவும் கூடும். அவர் செய்தது சரிதானா என்று அவரிடமே கேட்க நினைத்து, ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். இனி அதற்கு நானேதான் பதில் தேட வேண்டும்.